பள்ளி கட்டிய கரமும் பழி சுமத்திய பேனாவும்

ஒருவரைப் புகழ்வது எளிது; இகழ்வது அதனினும் எளிது. நிறுத்துப் பார்ப்பதுதான் அரிது. நம் முன்னோர் நபிமொழிகளைத் திரட்டியபோது, அவற்றை அறிவித்தவர்களின் வாழ்வையும் வாய்மையையும் நினைவாற்றலையும் ஆராய்வதற்கென்றே ஒரு தனிக்கலையை வகுத்தனர். ‘ஜர்ஹு – தஃதீல்’ என்பது அதன் பெயர். இரவெல்லாம் நின்று வணங்கும் பெரியாராயினும், அவர் அறிவிப்பில் பிழை மலிந்திருந்தால், அவர் நல்லவரே என்பதை ஒப்புக்கொண்டு, அவரிடமிருந்து செய்தி கொள்ளலாகாது என்று எழுதிவைக்க அவ்வறிஞர்கள் தயங்கியதில்லை. மனிதரின் நன்மை வேறு. அவர் சொல்லின் நம்பகம் வேறு. மத்ரஸாவில் இளமையிலேயே கற்ற இப்பாகுபாட்டைத் தென் அமெரிக்கப் பெருந்தலைவர் ஒருவருக்கு ஈண்டுப் பொருத்திப் பார்க்க முற்படுகிறோம்.

அவர் பெயர் தொமிங்கோ ஃபவுஸ்தினோ சர்மியெந்தோ. 1868 முதல் 1874 வரை அர்ஜென்டினாவின் குடியரசுத் தலைவராக இருந்தவர். அவர் மறைந்த செப்டம்பர் 11ஆம் நாளை அந்நாடு ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் அவர் பேரில் இயற்றப்பெற்ற பாடலை வரிசையில் நின்று பாடுகின்றனர். ஆசிரியத் தொழிலையே வாழ்வாகக் கொண்ட நமக்கு, ஆசிரியர் ஒருவர் இவ்வாறு போற்றப்படுவதைக் காண உள்ளம் குளிர்கிறது. ஆயினும், அவர் எழுதிய பெருநூலைப் பற்றி அறியப் புகுந்தால் அக்குளிர்ச்சி நீடிப்பதில்லை. அதில் ‘அரபியர்’ என்னும் சொல் நாகரிகமின்மைக்கு மறுபெயராகவே வருகிறது. அந்தக் கையை முத்தமிடுவதா, அந்தப் பேனாவைப் பிடித்து நிறுத்துவதா என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.

அத்திமர நிழலில் ஓர் இளமை

சர்மியெந்தோ 1811ஆம் ஆண்டு, ஆண்டிஸ் மலையடிவாரத்துச் சான் ஹுவான் ஊரில் பிறந்தார். செல்வம் இல்லாத குடும்பம். அன்னை பவுலா அல்பராசின், அத்திமர நிழலில் தறி போட்டு நெய்து, அந்த வருவாயில் வீடு கட்டியவர். தலைநகரில் கற்பதற்கான உதவித்தொகைக்குக் குலுக்கல் நடந்தபோது சிறுவர் சர்மியெந்தோவின் பெயர் விழவில்லை. பாதிரியாரான உறவினர் ஒருவரோடு சிற்றூரொன்றில் தங்கி, பதினைந்து வயதிலேயே தம்மினும் மூத்தவர்களுக்கு எழுத்தறிவித்தார்.

உள்நாட்டுப் போரில் தோற்ற கட்சியில் இருந்ததால் சிலிக்கு ஓட நேர்ந்தது. அங்கே பள்ளியாசிரியர், கடைச் சிப்பந்தி, சுரங்கத்து மேற்பார்வையாளர் எனப் பல வேலைகள் பார்த்தார். வால்பரைசோ துறைமுகத்தில் கடைச் சிப்பந்தியாக இருந்த காலத்தில், ஊதியத்தில் பாதியை ஆங்கிலம் கற்பித்தவருக்குக் கொடுத்தார். விடியுமுன் இரண்டு மணிக்குத் தம்மை எழுப்பிவிடுவதற்காகத் தெருக் காவலாளிக்கு வாரந்தோறும் சிறு காசு கொடுத்தார். கல்விக்காக உறக்கத்தை விற்ற இத்தகையோரின் வரலாறு நம் கிதாபுகளில் நிரம்ப உண்டு. அந்த வரிசையில் இவரையும் நிறுத்த நமக்கு மனத்தடை ஏதுமில்லை.

ஒரு நூலும் அதன் ‘சனதும்’

அந்நாளில் அர்ஜென்டினாவை ஹுவான் மனுவெல் தெ ரோசாஸ் என்பார் கொடுங்கரம் கொண்டு ஆண்டுவந்தார். அவரை வீழ்த்தும் நோக்கோடு 1845இல் சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் ‘எல் புரொகிரேசோ’ என்னும் நாளிதழில் சர்மியெந்தோ தொடராக எழுதியதே ‘ஃபக்குந்தோ’. அவ்வாண்டே நூலாகவும் வெளிவந்தது. லா ரியோஹா மாகாணத்துக் குறுநிலத் தலைவரும், 1835இல் கொல்லப்பட்டவருமான ஃபக்குந்தோ கிரோகாவின் வாழ்க்கை வரலாறாக அது அமைந்தது. ஆனால் அதன் உயிர்நாடி ஓர் எதிர்நிலையில் இருக்கிறது: நகரம் நாகரிகம்; அதைச் சூழ்ந்த பம்பா பெருவெளியும், அங்கே குதிரை மேல் வாழும் கவுச்சோக்களும் காட்டுமிராண்டித்தனம்.

எழுத்தாற்றலில் குறை சொல்ல இடமில்லை. வரலாறு, நிலவியல், வசைமொழி, கதை ஆகிய நான்கும் அதில் ஒரே நீரோட்டமாய்ப் பாய்கின்றன. தடம் பார்த்துத் திருடனைக் கண்டறிபவன், வழியறிந்து படைகளை நடத்துபவன், சட்டத்துக்கு அஞ்சி அலையும் தீய கவுச்சோ, நாடோடிப் பாடகன் என அவர் தீட்டிய நான்கு உருவங்கள் எழுத்துக் கலைக்கு என்றும் எடுத்துக்காட்டு. பகைவரை இகழ வந்த பேனா, அப்பகைவரின் அழகில் தன்னையறியாமல் மயங்கி நிற்கும் இடங்கள் அவை.

இனி, நம் தராசை எடுப்போம். அறிவிப்பாளர் கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா? இதை எழுதும்வரை சர்மியெந்தோ தலைநகர் புவெனஸ் அயர்ஸையும் கண்டதில்லை. அதைச் சூழ்ந்த பம்பா பெருவெளியையும் கண்டதில்லை. 1852இல் ரோசாஸை வீழ்த்திய படையுடன் வந்தபோதுதான் அவ்வெளியை முதன்முதலாகப் பார்த்தார். காணாத அந்நிலத்தை விளக்க, அதனினும் காணாத மற்றொரு நிலத்தை உவமையாக்கினார். பம்பாவில் செல்லும் மாட்டுவண்டித் தொடர் பக்தாதுக்குச் செல்லும் ஒட்டகக் கூட்டமாயிற்று. லா ரியோஹாவின் செந்நிறப் புழுதி பாலஸ்தீன் ஆயிற்று. கவுச்சோக்களின் குதிரைப்படை, அல்ஜீரிய எல்லையில் பிரெஞ்சுக்காரரைத் தாக்கும் பதூவிகளின் கும்பலாயிற்று. கிழக்கைப் பற்றி அவருக்கு இருந்த அறிவெல்லாம் பிரெஞ்சுப் பயணிகளின் ஏடுகள் தந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால், அறியாமையால் நேர்ந்த பிழை என்று கடந்து செல்லலாம். ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் தளபதி பாஸ் என்பாருக்கு நூலை அனுப்பியபோது எழுதிய கடிதத்தில், அவசரத்தில் எழுந்த இந்நூலில் பிழைகள் நிரம்பியுள்ளன என்றும், அவற்றுள் சில வேண்டுமென்றே செய்யப்பட்டவை என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். வாலெந்தின் அல்சினா என்னும் அறிஞர் பிழைகளைச் சுட்டிக் குறிப்புகள் எழுதித் தந்தபோதும், நூலின் உருவம் கெட்டுவிடும் என்று கருதி அவற்றைச் சிக்கனமாகவே ஏற்றுக்கொண்டார். தெரிந்தே செய்தியை மாற்றுபவரை நம் ஹதீஸ் கலை எந்த வகுப்பில் வைக்கும் என்பதை வாசகர் அறிவர்.

1845: குகையில் எரிந்த தீ

உவமை என்பது இலக்கிய அணிதானே, அதற்கு இத்துணை விசாரணை ஏன் என்று கேட்கலாம். அவ்வுவமை எழுதப்பட்ட ஆண்டைக் கவனிக்க வேண்டுகிறோம். ‘ஃபக்குந்தோ’ வெளிவந்த அதே 1845இல், ஜூன் மாதம், அல்ஜீரியாவின் தஹ்ரா மலையில் குகைகளுக்குள் ஒதுங்கியிருந்த உலாது ரியாஹ் கோத்திரத்தாரைப் பிரெஞ்சுத் தளபதி பெலிசியேயின் படை குகைவாயிலில் தீமூட்டிப் புகையால் மூச்சடைக்கச் செய்தது. ஆண், பெண், குழந்தை எனப் பல நூறு பேர் மாண்டனர். பாரிஸின் மேலவையிலேயே இதற்குக் கண்டனம் எழுந்தது. அப்போது அல்ஜீரியாவின் தலைமை ஆளுநராக இருந்தவர் மார்ஷல் புஜோ.

எவரை எதிர்த்து இந்தப் படை போரிட்டது? அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரீயின் தலைமையில் திரண்ட மக்களை எதிர்த்து. அமீர் பள்ளியில் கற்று வளர்ந்த ஆலிம், ஞானநூல் எழுதியவர், இமாம் இப்னு அரபியின் ‘ஃபுதூஹாத்’ நூலைப் பிழையற அச்சேற்றுவதற்காக மூலப்படியோடு ஒப்பிட அறிஞர்களைக் கொன்யாவுக்கு அனுப்பியவர். 1860இல் திமிஷ்கு நகரில் கலவரம் மூண்டபோது, தம் ஆட்களுடன் வீதியில் இறங்கி ஆயிரக்கணக்கான கிறித்தவர்களைக் காத்தவரும் அவரே. சர்மியெந்தோவின் எதிர்நிலையில் இவரை எந்தப் பக்கம் எழுதுவது? குகைவாயிலில் தீ வைத்தவரை எந்தப் பக்கம் எழுதுவது?

பிற நாடுகளின் கல்வி முறையை ஆராய்ந்து வருமாறு சிலி அரசு சர்மியெந்தோவை அனுப்பியது. அப்பயணத்தில் 1846ஆம் ஆண்டிறுதியில் அவர் அல்ஜீரியாவையும் அடைந்தார். அமீர் அப்போது களத்தில்தான் இருந்தார். சர்மியெந்தோ சந்தித்ததோ மார்ஷல் புஜோவை. ஒரான் பகுதியில் அரபியரின் கூடாரங்களை நேரில் கண்டபின்னும் அவர் எழுதியதில் பழைய கருத்தே வலுப்பெற்றது. பிரெஞ்சுக் குடியேற்றத்தை வாழ்த்தினார். கண் திறந்திருந்தும், முன்பே எழுதிவிட்ட நூல் அதற்குத் திரையாயிற்று. எழுதுவோர் அனைவரும் அஞ்சவேண்டிய நோய் இது.

இப்னு கல்தூன் அதே மண்ணில்

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. அந்த ஒரான் பகுதியின் உள்நாட்டில், இப்னு சலாமா கோட்டையில், ஏறத்தாழ 470 ஆண்டுகளுக்கு முன் தங்கியிருந்துதான் இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வை எழுதினார். அவரும் மனித வாழ்வைப் ‘பதாவா’, ‘ஹளாரா’ என இரண்டாகப் பிரித்தார்: ஒன்று புறவெளி வாழ்வு, மற்றொன்று நகர வாழ்வு. பாலைவாசிகளின் அழிவுச் செயல்களை அவர் கடுமையாகவே கண்டித்திருக்கிறார், மறைப்பதற்கில்லை. எனினும் துணிவு, எளிமை, ‘அஸபிய்யா’ எனப்படும் உறவுப்பிணைப்பு ஆகிய பண்புகளை அங்கேதான் கண்டார். நகரம் கலைகளை வளர்க்கிறது. அதே நகரம் இன்பத்தில் தோய்ந்து உளுத்தும் போகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறது; ஒன்று மற்றொன்றுக்குத் தேவைப்படுகிறது. இரண்டும் மனித சமூகத்தின் இயல்பான நிலைகளே என்பது அவர் முடிபு.

பஸராவின் இலக்கணப் பேரறிஞர்கள் தூய அரபுமொழியைத் தேடிப் பாலைவாசிகளிடம் சென்றனர்; அஸ்மயீ போன்றோர் கூடாரத்து மக்களின் சொற்களைச் செவிமடுத்துத் தொகுத்தனர். நகரத்து அறிவு, புறவெளியின் முன் மாணவராய் அமர்ந்த காட்சி அது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் குழந்தைப் பருவத்தில் ஹலீமா அம்மையாரின் கூடாரத்தில் வளர்ந்ததை நம் இல்லங்களில் சிறுபிள்ளையும் அறியும். இந்த மரபில் வந்தவர்களுக்கு, புறவெளி முழுவதையும் ஒரே சொல்லால் தள்ளிவிடும் நூல் உவப்பாயிராது.

இனி, எல்லாவற்றினும் விந்தையானதைச் சொல்வோம். 1850இல் எழுதிய தன்வரலாற்று நூலில், தம் அன்னையின் அல்பராசின் குடும்பம் அரபுத் தலைவர் ஒருவரின் வழி வந்தது என்று சர்மியெந்தோ பெருமை பேசுகிறார்! பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் ஓர் ஊரைப் பிடித்துத் தம் பெயரை அதற்கு இட்டாராம். இங்கும் சனது பலவீனமானதே. ஸ்பெயினில் அல்பராசின் ஊரை ஆண்டவர்கள் பனூ ரஸீன் என்னும் பெர்பர் குலத்தார். அவர்கள் ஆண்டது பதினொன்றாம் நூற்றாண்டில். 1104இல் அவர்கள் ஆட்சி முடிந்துவிட்டது. வரலாறு கிடக்கட்டும், மனத்தைப் பார்ப்போம். தன் வம்சத்தில் வந்தால் அரபு இரத்தம் அணிகலன். பகைவனின் படையில் வந்தால் அதே அரபு இழிசொல். தன் வீட்டுக்கு ஒரு தராசும் ஊராருக்கு ஒரு தராசும் வைப்பவரின் தீர்ப்பை எவ்வாறு ஏற்பது?

சொல் ஈட்டியாகும்போது

நூலில் இருந்த சொல் நூலோடு நின்றுவிடவில்லை. 1861இல் தளபதி மித்ரேக்கு எழுதிய கடிதத்தில் கவுச்சோக்களின் குருதியைச் சிந்தத் தயங்க வேண்டாம் என்று சர்மியெந்தோ அறிவுரை கூறினார். 1863இல் அவர் சான் ஹுவான் ஆளுநர். பக்கத்து லா ரியோஹாவில் ‘சாச்சோ’ என்று மக்கள் அன்போடு அழைத்த முதியவர் பெனியலோசா கிளர்ச்சி செய்தார். நவம்பர் 12ஆம் நாள், பிடிபட்டு ஆயுதம் களைந்திருந்த அவரை ஈட்டியால் குத்திக் கொன்றனர். தலையை வெட்டி ஒல்தா ஊர்ச் சதுக்கத்தில் கம்பத்தில் செருகினர். செய்தி எட்டியதும் சர்மியெந்தோ மித்ரேக்கு எழுதினார்: அச்செயலை மெச்சினார், அது செய்யப்பட்ட விதத்தையே சிறப்பாக மெச்சினார். நாகரிகத்தின் பேரால் எழுதியவரின் பேனா, கம்பத்தில் நின்ற தலையைக் கண்டு களித்தது. ‘ஃபக்குந்தோ’வில் எவற்றைக் காட்டுமிராண்டித்தனம் என்று பட்டியலிட்டாரோ அவற்றுள் இதனினும் கொடியது எது?

அதே 1863இல் பெனியலோசாவின் வாழ்வை எழுதி நீதி கேட்டவர் ஹோசே எர்னாந்தெஸ். சர்மியெந்தோ குடியரசுத் தலைவராயிருந்த 1872இல் அவர் ‘மார்த்தின் ஃபியரோ’ காவியத்தின் முதற்பகுதியை வெளியிட்டார். எல்லைக் காவலுக்கு வலுக்கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்டு, மனைவி மக்களையும் குடிசையையும் இழந்து திரும்பும் ஒரு கவுச்சோ, அதில் தன் கதையைத் தானே பாடுகிறான். ‘ஃபக்குந்தோ’வில் பிறர் வாயால் பழிக்கப்பட்டவன் இங்கே சொந்த வாய் திறக்கிறான். சர்மியெந்தோவின் நூலைத் தேசிய நூலாகக் கொண்டிருந்தால் நாட்டின் வரலாறு மேலாக இருந்திருக்கும் என்று எழுத்தாளர் போர்ஹெஸ் கருதினார். சட்டத்தை மீறும் வீரனைப் போற்றும் மக்கள் சட்டத்தை மதியார் என்பது அவருடைய கவலை. அக்கவலை பொருளற்றதன்று. ஆனால் குற்றவாளியின் வாக்குமூலத்தைக் கேளாமல் தீர்ப்பெழுதும் காழியை எந்த ஊர் மதிக்கும்? இரு நூல்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிப்பதே முறை என்பது நம் கருத்து.

தராசின் மறுதட்டு

குறையை நிறுத்தாயிற்று. நிறையை நிறுக்காமல் எழுந்தால் நாமும் அதே பிழையைச் செய்தவராவோம். சர்மியெந்தோவின் ஆட்சியில் 1869இல் நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. சுமார் 18 இலட்சம் மக்கள். அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் எழுத்தறியாதவர். ஆறாண்டுகளில் பள்ளி மாணவர் தொகை சுமார் 30,000த்திலிருந்து ஏறத்தாழ ஒரு இலட்சமாக உயர்ந்தது. பரானா நகரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி எழுந்தது. 1870இல் பொது நூலகங்களுக்கென்று சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு கோர்தோபாவில் வானாய்வுக்கூடம் திறக்கப்பட்டது. வட அமெரிக்காவிலிருந்து ஆசிரியர்களை, பெரும்பாலும் பெண்களை, வரவழைக்கும் திட்டம் அவர் தொடங்கியது. நூற்றாண்டின் இறுதிக்குள் அறுபதுக்கும் மேற்பட்டோர் வந்து கற்பித்தனர். பதவி விலகிய பின்னும் அவர் ஓய்ந்தாரில்லை. 1884இல் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் நிறைவேறியதற்கு அவருடைய நெடுங்கால வாதாட்டமே பின்புலம். பெண்களுக்குக் கல்வி வேண்டுமென்று அவர் அந்நாளில் எழுப்பிய குரலை, இந்நாளிலும் நம்மவர் சிலர் செவியில் போட்டுக்கொள்ளவேண்டும்.

துயரமும் அவரை விடவில்லை. மகனாக வளர்த்த தொமிங்கீத்தோ, 1866இல் பராகுவே போரில் குருபைத்தி களத்தில் மாண்டார். நாட்டையே சிதைத்த அப்போருக்குப் பல ஆண்டுகளுக்குப் பின், உடல்நலம் நாடித் தந்தை சென்று தங்கியதும், 1888இல் கண்மூடியதும் அதே பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனில்தான்.

சிலைகளும் பள்ளிகளும்

மறைவுக்குப் பின் அவர் புகழ் ஒருபோதும் அமைதியாக உறங்கியதில்லை. 1900இல் சிற்பி ரோதென் வடித்த அவர் சிலை, ரோசாஸின் மாளிகை இருந்த பலெர்மோ பூங்காவில் நிறுவப்பட்டது. அடுத்த நூற்றாண்டில், ரோசாஸையும் கவுச்சோத் தலைவர்களையும் மக்கள் தலைவர்களாகக் காணும் வரலாற்றாசிரியர்கள் எழுந்தனர்; அவர்கள் கண்ணில் சர்மியெந்தோ அயலாரின் தாசரானார். 1989இல் ரோசாஸின் எச்சங்கள் இங்கிலாந்திலிருந்து தாயகம் வந்தன. 1999இல் பலெர்மோவிலேயே அவருக்கும் குதிரைமீது அமர்ந்த சிலை எழுந்தது. இருவரும் ஒரே பகுதியில் கல்லாயும் வெண்கலமாயும் நிற்கின்றனர்.

அந்த எச்சங்களை வரவழைத்த குடியரசுத் தலைவர் யார்? கார்லோஸ் மெனெம். சிரியாவின் யப்ரூத் ஊரிலிருந்து குடியேறிய முஸ்லிம் பெற்றோரின் மகன். ஃபக்குந்தோவின் அதே லா ரியோஹாவில் 1930இல் பிறந்தவர். ஃபக்குந்தோவைப் போன்றே கன்னமீசை வைத்து மக்கள்முன் வந்தவர். பின்னாளில் அவர் கத்தோலிக்கரானார். குடியரசுத் தலைவர் கத்தோலிக்கராக இருக்கவேண்டும் என்னும் விதி 1994 வரை அரசியல் சாசனத்தில் இருந்தது. 2021இல் மறைந்தபோது சான் ஹுஸ்தோவின் இஸ்லாமிய அடக்கவிடத்தில், தம் மகனின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நம்மவர் வழி வந்தவர் என்று மகிழ்ந்து எழுதியோர் உண்டு. நாம் அவ்வரிசையில் சேர மாட்டோம். பத்தாண்டு ஆட்சியின் பேரில் ஊழல் வழக்குகளைச் சந்தித்தவர் அவர். குலம் பார்த்துப் புகழ்வதும் சனதில்லாச் செய்தியே.

நாம் கருதுவது வேறொன்று. சர்மியெந்தோ நாட்டில் குடியேற்ற விரும்பியது வடஐரோப்பியரை. வந்து சேர்ந்தவர்களோ இத்தாலியரும் ஸ்பானியரும் யூதரும், ‘துருக்கர்’ என்று அங்கே ஏளனமாய் அழைக்கப்பட்ட சிரிய, லெபனான் மக்களும். துணிமூட்டை தோளில் சுமந்து தெருத்தெருவாய் விற்ற அவர்களின் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழியின் முதலெழுத்தைக் கற்பித்தது எது? கட்டணமின்றி அனைவருக்கும் திறந்திருந்த, சர்மியெந்தோ கனவு கண்ட அந்தப் பொதுப்பள்ளிதான். பள்ளி அவர்களிடம், நீ கூடாரத்திலிருந்து வந்தாயா, மாளிகையிலிருந்து வந்தாயா என்று கேட்கவில்லை. பலகையைக் கொடுத்து எழுது என்றது. எந்தக் கிழக்கை அவர் பேனா கதவடைத்து வெளியே நிறுத்தியதோ, அதன் பிள்ளைகளை அவர் கட்டிய பள்ளி உள்ளே அழைத்து அமர்த்தியது. அவர் பேனாவுக்கு எதிராகச் சொல்லத்தக்க வலுவான சாட்சியம் அவர் பள்ளியே.

ஆகவே நம் தீர்ப்பு இது. ஆசிரியர் என்னும் முறையில் சர்மியெந்தோ நம்பத்தக்கவர், போற்றத்தக்கவர், அவர் நாளில் அந்நாட்டுப் பிள்ளைகள் பாடுவது தகும். அரபியரைப் பற்றியும் கவுச்சோக்களைப் பற்றியும் அறிவித்தவர் என்னும் முறையில், அவரிடமிருந்து செய்தி கொள்ளலாகாது. ‘ஃபக்குந்தோ’வைப் படிக்கவேண்டும், பக்கத்தில் ‘மார்த்தின் ஃபியரோ’வையும் ‘முகத்திமா’வையும் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும்.

இறுதியாக, ஆசிரியப் பணி செய்யும் நம் தோழர்களுக்கு ஒரு சொல். வகுப்பில் ஒரு பிள்ளையை ‘முரடன்’ என்றோ, ‘காட்டான்’ என்றோ அழைக்க நா எழும்போது, ஒல்தா சதுக்கத்துக் கம்பத்தை நினைவிற் கொள்வோமாக. சொல்லை விதைப்பவர் அறுவடையைத் தெரிந்தெடுக்க முடியாது. எழுதுகோலைக் கொண்டு மனிதனுக்குக் கற்பித்த இறைவன், அக்கோலை நடுநிலையோடு பிடிக்கும் ஆற்றலை நமக்கு அருள்வானாக!